கழல மறுக்கும் சக்கரம்: பவர் டில்லர் வைத்திருப்போர் அறிய வேண்டியவை

காவிரிப் பாசனப் பகுதியில் சேற்றுழவு தொடங்கும் காலத்தில் ஒரு நாளின் மதிப்பு எத்தகையது என்பதை விவசாயப் பெருமக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் சூன் 12 ஆகும். 2022-ஆம் ஆண்டிலோ மே 24 அன்றே அணை திறக்கப்பட்டது. வாய்க்காலில் நீர் வந்ததும் நாற்றங்காலும் நடவு வயலும் ஒன்றன்பின் ஒன்றாக ஆயத்தமாக வேண்டும். அவ்வேளையில் பவர் டில்லரைக் கொட்டகையிலிருந்து வெளியே கொணர்ந்து, ரப்பர்ச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, கேஜ் வீல் எனப்படும் இரும்புக் கூண்டுச் சக்கரங்களை மாட்ட முற்படுகிறோம். ஆணி கழன்று வருகிறது, சக்கரம் வருவதில்லை. அச்சோடு அச்சாகப் பிடித்துக்கொண்டு அசைய மறுக்கிறது.

இதன்பின் நடப்பது பெரும்பாலான ஊர்களில் ஒன்றுதான். முதலில் ஒருவர் இழுத்துப் பார்க்கிறார். பிறகு நால்வர் இழுக்கிறார்கள். அதன் பிறகு சம்மட்டி வருகிறது. ஓங்கி அடித்த அடிகளில் சக்கரம் வராமற்போவதோடு, அச்சின் முனை நசுங்குகிறது, ரிம் வளைகிறது, கியர்ப் பெட்டியிலிருந்து எண்ணெய் கசியத் தொடங்குகிறது. அரை நாள் வேலையாக முடிந்திருக்க வேண்டியது அரை மாதப் பழுதாகிவிடுகிறது. அதற்குள் முறைத் தண்ணீர் கடந்துவிடுகிறது.

இந்த நஷ்டம் முழுவதும் தவிர்க்கக்கூடியதே. பிடித்துக்கொண்ட சக்கரத்தைச் சேதமின்றிக் கழற்றுவதற்குத் தெளிவான முறை உண்டு. அதற்குப் பெரிய பட்டறையும் வேண்டியதில்லை. சில எளிய கருவிகளும், சிறிது எண்ணெயும், எல்லாவற்றிற்கும் மேலாகச் சில நாட்கள் முன்னதாகவே வேலையைத் தொடங்கும் முன்யோசனையும் போதும்.

சக்கரம் பிடித்துக்கொள்வது ஏன்?

பவர் டில்லர் ஜப்பான் நாட்டின் சிறு நெல் வயல்களுக்கென வளர்ந்த இயந்திரம். 1960-களில் அது நம் நாட்டில் பரவத் தொடங்கியது. 1967-இல் பெங்களூரில் தொடங்கப்பெற்ற வி.எஸ்.டி. நிறுவனமும், 1973-இல் கேரள அரசு நிறுவிய கேம்கோ நிறுவனமும் இதனை இங்கேயே உற்பத்தி செய்து வருகின்றன. புழுதி உழவு, சேற்றுழவு, பார இழுவை ஆகிய பல வேலைகளுக்கும் பயன்படுவதற்காகவே இதன் சக்கரங்கள் எளிதில் மாற்றக்கூடியவையாக அமைக்கப்பட்டுள்ளன.

கட்டை வண்டிச் சக்கரத்தில் ஆரக்கால்கள் வந்து பொருந்தும் நடுப்பகுதியைக் குடம் என்கிறோம். டில்லர்ச் சக்கரத்திலும் அத்தகைய குடம் உண்டு. பட்டறைகளில் அதனை ‘ஹப்’ என்பார்கள். பல டில்லர்களில் அச்சு ஆறு பட்டையாக இருக்கும். குடத்தின் துளையும் அவ்வாறே ஆறு பட்டையாக இருக்கும். குடத்தை அச்சில் செருகி, குறுக்கே ஓர் ஆணியையோ போல்ட்டையோ செலுத்தி நிறுத்துகிறோம். வேறு சில சிறு இயந்திரங்களில் அச்சு உருண்டையாக இருக்கும். அதில் நீளவாக்கில் வெட்டிய பள்ளத்தில் ‘சாவி’ என்னும் இரும்புத் துண்டு அமர்ந்து, அச்சின் சுழற்சியைக் குடத்துக்குக் கொடுக்கும்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். வண்டிச் சக்கரம் அச்சின்மேல் சுழல்கிறது. ஆகையால் மசகு இல்லாவிட்டால் அது கிறீச்சிட்டுக் கூச்சலிடும். வண்டிக்காரர் வைக்கோற் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த மையை உடனே இட்டுவிடுவார். டில்லர்ச் சக்கரமோ அச்சோடு சேர்ந்தே சுழல்கிறது. குடத்துக்கும் அச்சுக்கும் இடையே ஓட்டம் இல்லை, கூச்சலும் இல்லை. எனவே அங்கே மசகு தேவையில்லை என்று எண்ணிவிடுகிறோம். துரு குடியேறுவதற்கு அந்த இடமே மிகவும் வசதியானது.

சேற்றுழவின்போது அவ்விடுக்கில் நீரும் நுண்ணிய வண்டலும் புகுகின்றன. வயலில் இட்ட இரசாயன உரங்களின் உப்பும், கடலோரப் பகுதிகளில் மண்ணிலும் நீரிலும் உள்ள உப்பும் அவற்றோடு சேர்கின்றன. உப்பு கலந்த ஈரம் இரும்பை விரைவாக அரிக்கும். இரும்பு துருவாகும்போது இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட இடத்தை அடைத்துக்கொள்ளும். மூடிய இடுக்கில் அதற்கு விரிய இடமில்லை. ஆகவே அது குடத்தையும் அச்சையும் ஆப்பு வைத்தாற்போல் இறுக்கிவிடுகிறது. வேலை முடிந்ததும் சேற்றோடு கொட்டகையில் நிறுத்தப்பட்டு, மறு பருவம்வரை தொடப்படாத இயந்திரத்தில் இந்நிலை உறுதியாக ஏற்படும்.

எது பிடித்திருக்கிறது என்று முதலில் காண்க

சக்கரம் துருவினால்தான் நிற்கிறது என்று தீர்மானிக்கும் முன், வேறொன்றும் அதைப் பிடித்திருக்கவில்லை என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். காய்ந்த சேற்றையும் பழைய கிரீஸையும் கம்பித் தூரிகையால் முழுவதும் அகற்றுக. குடத்தைச் சுற்றிலும் ஒவ்வொரு துளையையும் பார்க்க வேண்டும். ஆணியின் ஒரு துண்டு உள்ளே ஒடிந்து தங்கியிருக்கலாம். அச்சின் நுனியில் உள்ள பள்ளத்தில் லாக் வளையம் ஒன்று மண்ணில் மறைந்திருக்கலாம். குடத்தின் பக்கவாட்டில் ஒரு சிறு திருகு சாவியை அழுத்திக்கொண்டிருக்கலாம். இயந்திரத்துடன் வந்த கையேடு இருப்பின் அதிலுள்ள படத்தைப் பார்ப்பது பல மணி நேர உழைப்பை மிச்சப்படுத்தும்.

ஆணி துளைக்குள் துருவேறி இருந்தால், எண்ணெய் விட்டு ஊறவைத்து, ஆணியைவிடச் சற்று மெல்லிய தட்டை முனைக் கம்பியை வைத்துத் தட்டி வெளியேற்றலாம். கூர்முனை உளியை உபயோகித்தல் ஆகாது. அது ஆணியின் தலையை விரியச் செய்து துளையில் மேலும் இறுக்கிவிடும். ஆணி ஒடிந்திருந்தால் அதன் நடுவில் புள்ளியிட்டுத் துளைத்து எடுக்க வேண்டும்.

தொடங்கும் முன் பாதுகாப்பு

பவர் டில்லர் பார்ப்பதற்குச் சிறிதாயினும், பெரிய வகைகள் சுமார் 400 கிலோ வரை எடையுள்ளவை. ஒரு சக்கரம் இல்லாத நிலையில் அது சாய்ந்து விழுந்தால் கால் எலும்பு தாங்காது. சமமான கெட்டித் தரையில் இயந்திரத்தை நிறுத்துக. எஞ்சினை அணைத்து, டீசல் குழாயை மூடுக. மறுபக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல்லோ கட்டையோ அணைகொடுக்க வேண்டும். ஜாக்கியினால் தூக்கிய பிறகு, கியர்ப் பெட்டியின் அடியில் அகலமான கனத்த மரக்கட்டைகளை அடுக்கி, பாரத்தை அவற்றின்மேல் இறக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கையையோ காலையோ நீட்டுதல் கூடாது.

அடுத்தது டயரைப் பற்றிய எச்சரிக்கை. சில சக்கரங்களில் ரிம் இரண்டு பாதிகளாகச் செய்யப்பட்டுப் போல்ட்டுகளால் இணைக்கப்பட்டிருக்கும். அப்போல்ட்டுகள், ரிம்மைக் குடத்துடன் சேர்க்கும் போல்ட்டுகளைப் போலவே தோன்றும். டயரில் காற்று இருக்கும்போது அவற்றைத் தளர்த்தினால், ரிம்மின் ஒரு பாதி வேலை செய்பவரின் முகத்தை நோக்கிப் பாயும். ஆகையால் எந்தப் போல்ட்டைத் தொடுவதாயினும் முதலில் வால்வின் உள்ளாணியைக் கழற்றிக் காற்று முழுவதையும் வெளியேற்ற வேண்டும்.

எண்ணெய் ஊறட்டும்

‘பதறாத காரியம் சிதறாது’ என்பது பெரியோர் வாக்கு. இந்த வேலைக்கு அது முற்றிலும் பொருந்தும். துருப்பிடித்த இடுக்கில் எண்ணெய் தானாகவே ஊர்ந்து உட்புகும் தன்மையுடையது. ஆனால் அதற்கு நேரம் வேண்டும். துரு இளக்கும் எண்ணெய் கடைகளில் டப்பாக்களில் கிடைக்கிறது. அது கிடைக்காதவிடத்து, டீசலுடன் சிறிது எஞ்சின் எண்ணெய் கலந்து பயன்படுத்தலாம். தனி எஞ்சின் எண்ணெய் மிகத் தடிப்பானதாகையால் இடுக்கில் எளிதில் இறங்காது. தனி டீசலோ விரைவில் வழிந்துவிடும்.

குடம் அச்சைச் சந்திக்கும் இடத்தில் உட்புறமும் வெளிப்புறமும், ஆணித் துளையின் வழியாகவும் எண்ணெய் விடுக. ஆணித் துளை குடத்தின் நடுப்பகுதிக்கே நேராகச் செல்லும் வழி. அதைப் பயன்படுத்தாமல் விடுபவர் பலர். காலையும் மாலையும் எண்ணெய் விட்டு, ஒவ்வொரு முறையும் குடத்தைச் சுற்றிலும் சிறு சுத்தியலால் இலேசாகப் பத்துப் பன்னிரண்டு தட்டுகள் தட்ட வேண்டும். இத்தட்டுகள் சக்கரத்தை நகர்த்துவதற்காக அல்ல. அவை உண்டாக்கும் அதிர்வில் துருவின் அடுக்குகளில் நுண்ணிய விரிசல்கள் ஏற்பட்டு, எண்ணெய் மேலும் உள்ளே செல்கிறது. ‘அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்’ என்று நம் முன்னோர் சொன்னது சிறு அடிகளின் வலிமையையே குறிக்கும். மூன்று நான்கு நாட்கள் இவ்வாறு செய்வது நலம்.

இந்த நாட்களில் இன்னொன்றும் செய்யலாம். எஞ்சினை அணைத்த நிலையில் கியரைப் போட்டு வைத்து, தூக்கி நிறுத்திய சக்கரத்தை இரு கைகளாலும் பற்றி முன்னும் பின்னும் விசையாக ஆட்டுக. கியர் அச்சைப் பிடித்துக்கொள்ள, குடம் மட்டும் மயிரிழையளவு திரும்ப முயலும். டயரின் அகலமான வட்டம் நெம்புகோல்போல் பயன்படுவதால், அந்தச் சிறிய அசைவே துருவின் பிடியை உடைக்கப் பெரிதும் உதவும். குடத்தின் ஓரத்தில் செந்நிற எண்ணெய் கசிந்து வருமாயின், துரு இளகத் தொடங்கிவிட்டது என்று அறியலாம்.

ஆணியைக் கழற்றிவிட்டு, இயந்திரத்தை ஓட்டி வளைத்துத் திருப்பினால் சக்கரம் தானே கழலும் என்று சிலர் கூறுவதுண்டு. ஓடும் இயந்திரத்திலிருந்து சக்கரம் கழலும் கணத்தில் டில்லர் ஓட்டுபவர் பக்கமே சாயக்கூடும். அம்முறையை எவரும் கைக்கொள்ளலாகாது.

புல்லரைப் பயன்படுத்தும் முறை

எண்ணெய் ஊறிய பிறகும் சக்கரம் வராவிட்டால், இழுக்கும் விசை நேராக அச்சின் வழியே செல்லும்படி செய்ய வேண்டும். ரிம்மின் ஓரத்தைக் கடப்பாரையால் நெம்பினால் விசை ஒரு பக்கமாகவே செல்லும். குடம் கோணலாகி, அச்சில் மேலும் கவ்விக்கொள்ளும். ரிம்மும் வளையும்.

பேரிங் கழற்றப் பயன்படும் புல்லரே இதற்கு ஏற்ற கருவி. அதன் நகங்கள் குடத்தின் பின்புறத்தைப் பற்ற, நடுத் திருகு அச்சின் முனையில் ஊன்றி நிற்கும். நகங்கள் ரிம்மைப் பற்றாமல் குடத்தையே பற்ற வேண்டும் என்பது முக்கியம். அச்சின் முனையில் மரை வெட்டிய துளை இருப்பின், அது கெடாதபடி நடுவில் ஒரு தடித்த இரும்புத் துண்டை வைத்துக்கொள்க.

ரிம் குடத்துடன் போல்ட்டுகளால் இணைந்திருக்கும் வகையில், ரிம்மையும் டயரையும் முதலில் தனியாகக் கழற்றிவிடலாம். இதனால் இரண்டு நன்மைகள் உண்டாகின்றன. குடம் தெளிவாகக் கைக்கு எட்டுகிறது. ரிம் இருந்த போல்ட் துளைகளும் புல்லருக்குப் பிடிப்பாகின்றன. சுமார் அரை அங்குல கனமுள்ள இரும்புத் தகட்டில் அத்துளைகளுக்கு நேராகத் துளைகளிட்டு, நடுவில் ஒரு பெரிய நட்டை வெல்டிங் செய்து, அதில் நீண்ட போல்ட்டைச் செலுத்தினால் அதுவே நல்ல புல்லர் ஆகும். ஊரிலுள்ள வெல்டிங் பட்டறையில் இதைச் செய்துகொள்ளலாம். ஒரே வகை டில்லர்கள் பல உள்ள ஊரில் அனைவருக்கும் அது பயன்படும்.

புல்லரின் திருகை ஸ்பேனர் கொண்டு நன்கு இறுக்கியபின், மேலும் மேலும் இறுக்கிக்கொண்டே போகலாகாது. அந்த இறுக்கத்திலேயே நிறுத்தி, குடத்தைச் சுற்றித் தட்டி, எண்ணெய் விட்டு, ஓரிரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். மீண்டும் கால் சுற்று இறுக்கித் தட்டுக. பல சமயம் இரவு முழுவதும் இறுக்கத்தில் விட்ட குடம் காலையில் தானே சிறிது நகர்ந்திருக்கும். திருகு இறுகியிருக்கும்போது அதற்கு நேர் எதிரே நிற்பது ஆபத்து. புல்லரின்மேல் கனத்த சாக்கு ஒன்றைப் போர்த்தி வைத்தால், நகம் நழுவினாலும் தெறித்து விழாது.

அச்சின் முனையில் நேராகச் சம்மட்டியால் அடிப்பதை அறவே விலக்க வேண்டும். அந்த அடி அச்சு வழியாகச் சென்று கியர்ப் பெட்டியினுள் உள்ள பேரிங்குகளைத் தாக்குகிறது. ஆயில் சீலின் மெல்லிய உதடு கிழிகிறது. அச்சின் முனையும் காளான்போல் விரிந்துவிடும். அதன்பின் துரு இளகினாலும் குடம் அந்த முனையைக் கடந்து வராது.

சூடேற்றுதல்

புல்லருக்கும் இணங்காத குடத்தைச் சூடேற்றிக் கழற்றலாம். இரும்பு சூடேறினால் விரியும் என்பது மாட்டு வண்டிக்குப் பட்டை போடும் கொல்லருக்கு நன்கு தெரிந்த உண்மை. குடத்தின் துளை 30 மில்லிமீட்டர் அகலமுள்ளது எனக் கொள்வோம். அச்சைவிடக் குடத்தின் வெப்பம் 150 டிகிரி செல்சியஸ் கூடுதலானால், துளை சுமார் 0.05 மில்லிமீட்டர் அகலும். மெல்லிய தலைமயிர் ஒன்றின் கனமே அது. ஆயினும் துருவின் பிடியை உடைக்க அவ்வளவு போதும். குடம் மட்டும் விரைவாகச் சூடேறி, அச்சு குளிர்ச்சியாக இருந்தால்தான் இப்பயன் கிட்டும். இரண்டும் சேர்ந்து சூடேறினால் இரண்டும் சேர்ந்தே விரியும்.

இங்கே மறக்கக்கூடாத விதி ஒன்று உண்டு. டயர் மாட்டியிருக்கும் சக்கரத்தைச் சூடேற்றவே கூடாது. ரிம் சூடேறும்போது டயரினுள் ரப்பர் கருகி எரியக்கூடிய ஆவி உண்டாகும். அது தீப்பற்றினால் டயர் வெடிகுண்டுபோல் வெடிக்கும். காற்றை இறக்கிவிட்டோமே என்று எண்ணி அசட்டையாக இருத்தலும் தவறு. காற்றில்லாத டயரும் இவ்வாறு வெடிக்கக்கூடும். ரிம்மையும் டயரையும் குடத்திலிருந்து பிரித்து அப்பால் வைத்த பிறகே நெருப்பைக் கொணர வேண்டும். குடமும் ரிம்மும் பிரிக்க முடியாதபடி ஒன்றாக அமைந்த சக்கரமாயின், டயரை ரிம்மிலிருந்து முழுவதும் கழற்றிவிட வேண்டும்.

ஏற்கெனவே விட்டிருந்த டீசலையும் எண்ணெயையும் துணியால் துடைத்து உலரவிடுக. தரையில் சிந்திய எண்ணெய்மேல் மணலைத் தூவுக. ஒரு வாளி மணல் அருகில் இருக்கட்டும். டீசல் தொட்டியைக் கழற்றி அப்புறப்படுத்துதல் சிறந்தது. ஆயில் சீல் ரப்பரால் ஆனதாகையால், அதன் அருகே அச்சைச் சுற்றி ஈரத் துணியைக் கட்டி வைக்க வேண்டும். காஸ் விளக்கின் சுடரைக் குடத்தைச் சுற்றிச் சுற்றிச் செலுத்துக; ஒரே இடத்தில் நிறுத்தலாகாது. பல குடங்கள் வார்ப்பிரும்பால் ஆனவை. ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் அவை வெடித்துவிடும்.

எவ்வளவு சூடு போதும் என்பதை அறிய, தோசைக்கல்லின் சூட்டைப் பார்க்கும் முறையே போதுமானது. ஒரு துளி நீரைத் தெளித்தால் ‘சுர்’ என்று ஒலித்து உடனே வற்ற வேண்டும். இரும்பு சிவக்கும் அளவுக்குச் செல்வது அச்சின் பதத்தைக் கெடுக்கும். பதமான சூட்டில் புல்லரை இறுக்கினால் பெரும்பாலும் ‘டக்’ என்ற ஒலியோடு குடம் நகரும். நகராவிடில், இடுக்கில் மெழுகுவத்தியைத் தேய்த்தால் மெழுகு உருகி உள்ளே இழுக்கப்படும். சூடான குடத்தின்மேல் எண்ணெயை ஊற்றினால் தீப்பற்றும். தண்ணீரை ஊற்றினால் குடம் வெடிக்கும். இரண்டையும் செய்யாமல் தானே ஆறவிட வேண்டும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் எண்ணெய் விட்டு, மறுநாள் மீண்டும் முயலலாம். இவ்வாறு இரண்டு மூன்று முறை சூடேறி ஆறுவதிலேயே துருவின் பிடி தளர்வதுண்டு.

கடைசி வழி

இத்தனைக்கும் பிறகு குடம் அசையாவிடில், எதைக் காப்பது, எதை இழப்பது என்று தீர்மானிக்க வேண்டும். குடம் வெளியே உள்ள உறுப்பு. அதை மட்டும் வாங்கி மாற்றிவிடலாம். அச்சோ கியர்ப் பெட்டியினுள் செல்வது. அதை மாற்ற வேண்டுமானால் பெட்டியைப் பிரிக்க வேண்டும். ஆகையால் குடத்தையே விட்டுக்கொடுக்க வேண்டும். கிரைண்டரினால் குடத்தின் ஒரு பக்கத்தை நீளவாக்கில், அச்சைத் தொடாமல் ஏறக்குறைய முழு ஆழத்துக்கு அறுத்து, எஞ்சிய மெல்லிய பகுதியில் உளியை வைத்து அடித்தால் குடம் பிளந்து தளரும். ஆறு பட்டை அச்சாயின் பட்டையின் முனையில் அறுக்காமல், தட்டையான பகுதியின் நடுவுக்கு நேராக அறுப்பது பாதுகாப்பானது. கண்ணாடி அணியாமல் இவ்வேலையைச் செய்தல் கூடாது. பழக்கமில்லாதவர்கள் இதைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுவதே உசிதம்.

கழன்ற பின் செய்ய வேண்டியவை

சக்கரம் கழன்றுவிட்டது என்ற மகிழ்ச்சியில் உடனே அடுத்த சக்கரத்தை மாட்டிவிடலாகாது. அச்சைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பார்க்க வேண்டும். மிகுதியான ஆட்டம் இருந்தால் பேரிங்கைச் சோதிக்க வேண்டும். ஆயில் சீலைச் சுற்றித் துடைத்துவிட்டு, சிறிது நேரம் இயந்திரத்தை ஓட்டிப் பார்க்க, புதிய கசிவு இருப்பின் தெரியும். கசியும் சீலுடன் சேற்றில் இறங்கினால் எண்ணெய் வெளியேறுவதோடு சேற்று நீரும் கியர்ப் பெட்டியினுள் புகும்.

அச்சையும் குடத்தின் துளையையும் கம்பித் தூரிகையாலும் எமரித் தாளாலும் தேய்த்துத் துருவை அகற்றுக. மேடாக நசுங்கிய இடங்களை அரத்தால் சமப்படுத்துக. பிறகு நீரில் எளிதில் கரையாத கிரீஸை அச்சின் எல்லாப் பட்டைகளிலும், குடத்தின் துளையிலும், ஆணியிலும் மெல்லிய பூச்சாகத் தடவ வேண்டும். ஒரு சக்கரத்துக்கு இரண்டு கரண்டி கிரீஸே போதும். மேலே கூறிய உழைப்பு அனைத்தும் இந்த இரண்டு கரண்டி கிரீஸ் இல்லாமையால் வந்தது என்பதை நினைவிற் கொள்ளுதல் தகும்.

ரப்பர்ச் சக்கரங்களை மீண்டும் மாட்டும்போது இடம் வலம் மாறாமல் கவனிக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள அம்புக்குறி முன்னோக்கிச் சுழலும் திசையைக் காட்டும். மாறிப் போனால் சேற்றிலும் ஈர மண்ணிலும் டயரின் பிடிப்புக் குறையும்.

மீண்டும் பிடிக்காமல் இருக்க

ஒவ்வொரு பருவ வேலை முடிந்ததும், சேறு காயும் முன் இயந்திரத்தைக் கழுவி உலர்த்துக. சக்கரத்தைக் கழற்றி, துடைத்து, கிரீஸ் தடவி மாட்டிய பிறகே கொட்டகையில் நிறுத்த வேண்டும். நீண்ட நாள் நிற்கும் இயந்திரமாயின் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது சக்கரத்தைக் கழற்றி மாட்டுவது நல்ல வழக்கம். மண் தரையில் நிறுத்தினால் ஈரம் ஏறும். பலகையின்மேல் நிறுத்துதல் சிறந்தது.

ஆணி தொலைந்துவிட்டால் கைக்குக் கிடைத்த கம்பியையோ பெரிய ஆணியையோ வளைத்துச் செருகுவது பல இடங்களில் காணப்படும் பழக்கம். அளவில் மெலிந்த ஆணி துளையில் ஆடும். அதனால் குடமும் அச்சில் ஆடி உராய்ந்து, மிக நுண்ணிய இரும்புத் தூளை உதிர்க்கும். அத்தூள் ஈரத்தில் மிக விரைவாகத் துருவாகும். துளையும் நாளடைவில் நீள்வட்டமாகிவிடும். சரியான அளவுள்ள ஆணிகள் இரண்டைக் கூடுதலாக வாங்கிக் கருவிப் பெட்டியில் வைத்திருப்பதனால் பெரிய செலவு ஒன்றும் வந்துவிடாது.

ஊராட்சி செய்யக்கூடியது

ஒரு புல்லரை ஒரு விவசாயி ஆண்டுக்கு இருமுறைதான் பயன்படுத்துவார். அதற்காக ஒவ்வொருவரும் ஒன்று வாங்க வேண்டியதில்லை. ஆனால் ஊரில் ஒன்று இருக்க வேண்டும். புல்லர், ஜாக்கி, மரக்கட்டைகள், வளைய ஸ்பேனர்கள், கம்பித் தூரிகை, எண்ணெய்க் குப்பி, கிரீஸ் டப்பா, பாதுகாப்புக் கண்ணாடி ஆகியவை அடங்கிய பொதுக் கருவிப் பெட்டி ஒன்றைத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கமோ, உழவர் குழுவோ, மகளிர் சுயஉதவிக் குழுவோ வைத்துப் பராமரிக்கலாம். ஊராட்சி உறுப்பினர்கள் இதற்கு முன்கை எடுத்தால் காரியம் எளிதில் கைகூடும். எடுத்துச் செல்பவர் பெயரும் தேதியும் எழுதும் குறிப்பேடு ஒன்று அவசியம். அதிலேயே ஒவ்வொரு டில்லரின் சக்கரமும் கடைசியாகக் கழற்றப்பட்ட தேதியையும் குறித்து வைத்தால், எந்த இயந்திரம் கவனிப்பாரற்று நிற்கிறது என்பது பார்த்தவுடன் விளங்கும்.

மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம் 2014-15-இல் தொடங்கப்பட்டது. அதன்கீழ் மானியம் பெற்றுப் பல இடங்களில் வாடகை மையங்கள் அமைந்துள்ளன. இத்தகைய மையங்களில் ஓர் இயந்திரம் பலருடைய வயல்களுக்கும் செல்லும். பலருக்கும் பொதுவான பொருளுக்கு ஒருவரும் பொறுப்பாளி அல்லர் என்ற நிலை ஏற்படுமாயின், அதன் சக்கரம் முதலில் துருப்பிடிக்கும். ஆகையால் இயந்திரத்தைத் திருப்பி வாங்கும்போதே கழுவப்பட்டிருக்கிறதா, ஆணி சரியானதா, சக்கரம் கழல்கிறதா என்ற மூன்றையும் பார்த்த பிறகே ஏற்றுக்கொள்ளும் முறையை மையங்கள் கடைப்பிடிக்க வேண்டும்.

மே 1-ஆம் நாள் கிராம சபை கூடுகிறது. மேட்டூர் நீர் வழக்கமாக வரும் காலத்துக்கு அது ஆறு வாரங்கள் முன்னதாகும். அந்த வாரத்திலேயே ஊரிலுள்ள டில்லர்களை ஓரிடத்தில் கூட்டி, தேர்ந்த மெக்கானிக் ஒருவரைக் கொண்டு சக்கரங்களைக் கழற்றி மாட்டும் செயல் விளக்கம் நடத்தலாம். கழலாத சக்கரங்கள் அன்றே வெளிப்பட்டுவிடும். எண்ணெய் விட்டு ஊறவைக்கப் போதிய நாட்களும் கையில் இருக்கும். வேளாண்மைப் பொறியியல் துறையின் அலுவலர்களை அழைத்து அவர்களது யோசனையையும் பெறலாம். ஆற்றுப் பாசனம் இல்லாத ஊர்களில் மழைக்கு முந்திய வாரங்கள் இதற்குரிய காலமாகும்.

வாய்க்காலில் நீர் வந்த பிறகு ஊறவைக்க நேரமில்லை. அப்பொழுது சம்மட்டிதான் கையில் ஏறும். நீர் வருமுன் ஒரு மாலைப் பொழுதை இதற்கு ஒதுக்கியவருக்கோ சக்கரம் கைப்பிடியிலேயே கழன்று வரும். இந்த இதழைப் படித்து முடித்ததும் அன்பர்கள் தத்தம் கொட்டகைக்குச் சென்று, ஆணியைக் கழற்றிச் சக்கரத்தை ஒருமுறை அசைத்துப் பார்ப்பார்களாக. அசையுமாயின் கிரீஸ் தடவி மாட்டிவிடலாம். அசையாவிடில் இன்றே எண்ணெய் விடத் தொடங்கலாம்.